மோவாயைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்: ஸ்லீப் ஆப்னியா வாய்க்கருவியும் முக அமைப்பும்

ஸ்லீப் ஆப்னியா என்பது தூக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு நின்று நின்று போகும் நோய். அதற்காகக் காற்றழுத்தம் கொடுக்கும் சி-பாப் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு தூங்க முடியவில்லை என்பவர்களுக்கு அடுத்ததாகச் சொல்லப்படுவது, கீழ்த்தாடையை முன்னுக்குக் கொண்டுவந்து நிறுத்தும் வாய்க்கருவி. மேல்பல் வரிசைக்கு ஒரு பிளேட், கீழ்ப்பல் வரிசைக்கு ஒரு பிளேட், இரண்டையும் சேர்க்கும் திருகோ பட்டையோ, மேல் பிளேட்டில் இடித்து நிற்கும்படி கீழ் பிளேட்டின் பக்கங்களில் நீட்டிய துடுப்போ. தாடை முன்னே வந்தால் அதில் ஒட்டியிருக்கும் நாக்கும் முன்னே வரும், தொண்டை திறக்கும். இந்த விளக்கம் எல்லோருக்கும் உடனே புரிந்துவிடுவதால், ‘மோவாய் உள்வாங்கியவர்களுக்குக் கருவி கேட்கும், எடுப்பான மோவாய்க்காரர்களுக்குக் கேட்காது’ என்று ஒரு சூத்திரம் உருவாகிவிட்டது. பாதிதான் உண்மை. அதை நம்பிக் கருவி செய்துகொண்டு பணத்தையும் மாதங்களையும் இழந்தவர்கள் நிறையப் பேர். மோவாய் இப்போது எங்கே இருக்கிறது என்பதைவிட, கருவியைப் போட்டதும் அது எந்தத் திசையில் போகிறது என்பதுதான் பலனைத் தீர்மானிக்கிறது.

முகத்துக்கும் மூச்சுக்கும் உள்ள இந்தத் தொடர்பு புதிதல்ல. பிரான்சைச் சேர்ந்த பியர் ரோபன் 1902-லேயே தாடையை முன்னிறுத்தும் கருவியை விவரித்தார். கீழ்த்தாடை மிகச் சிறியதாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு நாக்கு பின்னே சரிந்து மூச்சை அடைப்பதைக் கவனித்து எழுதியவரும் அவர்தான். சி-பாப் வந்தது 1981-இல், சிட்னியில், காலின் சலிவன் வழியாக. சி-பாப் காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்து வைக்கிறது. அதற்கு எலும்பின் அமைப்பு பெரிய பொருட்டில்லை. வாய்க்கருவியோ முழுக்க முழுக்க எலும்பையும் பல்லையும் பிடித்துக்கொண்டு வேலை செய்வது. அதனால் முகம் மாறினால் பலனும் மாறும்.

முதலில் ஓர் எண். தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்பதே ஏஎச்ஐ. குறைந்தது 10 விநாடி நீடித்தால்தான் கணக்கில் வரும். 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் கடுமையானது. கருவி போட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு ஏஎச்ஐ 5-க்குக் கீழே இறங்குகிறது. இன்னொரு பங்கினருக்குப் பாதிக்கு மேல் குறைகிறது. மீதிப் பேருக்குப் போதுமான பலன் இல்லை. எடை குறைவு, கழுத்துச் சுற்றளவு குறைவு, வயது குறைவு, மல்லாந்து படுக்கும்போது மட்டும் மோசமாகும் நோய் ஆகியவை நல்ல அறிகுறிகள். முக அளவுகளும் இந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் எந்த ஒற்றை அளவையும் வைத்து ஒருவருக்குக் கேட்கும், கேட்காது என்று அடித்துச் சொல்ல முடியாது. அப்படிச் சொல்கிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

தாடை முன்னே வரும்போது தொண்டைக்குள் என்ன நடக்கிறது என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெளிவானது. திறப்பு அதிகமாவது நாக்குக்குப் பின்னால் முன்பின் திசையில் அல்ல. மெல்லண்ணத்துக்குப் பின்னால் பக்கவாட்டில்தான் தொண்டை அகலமாகிறது. நாக்கிலிருந்து அண்ணத்துக்குப் போகும் தசை வளைவுகளும், தாடையிலிருந்து தொண்டைச் சுவருக்குப் போகும் இணைப்புகளும் இழுபடுவதே காரணம். துணிக்கூடாரத்தின் ஒரு முனையை இழுத்துக் கட்டினால் தொய்ந்த பக்கச்சுவர்கள் நிமிர்வதைப் போல. அதனால் ‘நாக்குக்குப் பின்னால் இத்தனை மில்லிமீட்டர் இடம் இருக்கிறது’ என்று ஒரு பக்கவாட்டு எக்ஸ்ரேயைக் காட்டி முடிவெடுப்பது தவறு. அந்தப் படம் நின்றுகொண்டு, விழித்திருக்கும்போது எடுத்தது. அகலம் அதில் தெரியவே தெரியாது.

எக்ஸ்ரே வேண்டாம் என்று பொருளில்லை. மண்டையோட்டின் அடித்தளத்தோடு மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டும் எங்கே நிற்கின்றன என்பதைப் பக்கவாட்டு செபலோகிராம் என்ற, அளவெடுப்பதற்கான தலை எக்ஸ்ரேதான் காட்டும். மேல்தாடையின் இடத்தைச் சொல்லும் கோணமான எஸ்என்ஏ சுமார் 82 பாகை, கீழ்த்தாடைக்கான எஸ்என்பி சுமார் 80, இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான ஏஎன்பி 2 என்பது வழக்கமான அளவு. பலர் ஏஎன்பியை மட்டும் பார்க்கிறார்கள். 77-ம் 75-ம் இருந்தாலும் வித்தியாசம் அதே 2தான். ஆனால் அந்த முகத்தில் இரண்டு தாடையும் சேர்ந்து பின்தங்கியிருக்கின்றன. கண்ணாடியில் பார்த்தால் குறையே தெரியாது. தொண்டை மட்டும் இறுகியிருக்கும். ஒல்லியான ஆளுக்கு எப்படிக் கடுமையான ஆப்னியா என்று வீட்டார் திகைக்கும்போது முதலில் தேட வேண்டியது இதை.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. தென்னிந்தியாவில் மேல்பற்கள், கீழ்ப்பற்கள் இரண்டு வரிசையும் முன்தள்ளிய முகம் சகஜம். உதடுகள் முன்னே வந்திருப்பதால் மோவாய் உள்ளே போனது போலத் தோன்றும். அளந்து பார்த்தால் எலும்பு சரியான இடத்தில் இருக்கும். தாடியும் கழுத்துக் கொழுப்பும் இருந்தால் கண்மதிப்பு இன்னும் பிசகும்.

கீழ்த்தாடை எலும்பின் கோட்டிலிருந்து நாவடி எலும்பு எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்பதையும் அதே படத்தில் அளக்கலாம். 15 மி.மீ. அளவில் இருந்தால் நல்லது. 25-ஐ நெருங்கினால் நாக்கும் தொண்டையும் நீளமாகத் தொங்குகின்றன என்று பொருள். தாடையை இழுக்கும் விசை அவ்வளவு கீழே போய்ச் சேர்வது கடினம்.

அடுத்தது அளவெடுப்பு. எல்லாம் இங்கேதான் கெட்டுப்போகிறது.

ஜார்ஜ் கேஜ் என்ற சிறிய அளவுகோல் உண்டு. முன்பக்கம் கீழ்ப்பல்லைப் பிடிக்கும் பிடி, நடுவில் மில்லிமீட்டர் கோடுகள், உள்ளே மேல்பல் பதியும் கடிமுள். கடிமுள் 2 மி.மீ., 5 மி.மீ. என இரண்டு தடிமனில் வரும். கீழ்ப்பற்களின் தடிமனுக்கு ஏற்பப் பிடியை இறுக்கியதும், தாடையை முடிந்தவரை பின்னே கொண்டுபோகச் சொல்லி ஒரு வாசிப்பு, முடிந்தவரை முன்னே தள்ளச் சொல்லி ஒரு வாசிப்பு. பின்னே −4, முன்னே +7 என்றால் மொத்தம் 11 மி.மீ. 60 சதவீதத்தில் தொடங்குவதென்றால் 6.6. −4-லிருந்து எண்ணினால் +2.6-இல் திருகை இறுக்கி, பின்பற்களின் இடையே கடிப்பதிவு சிலிக்கோனை நிரப்பி இறுகவிடுவது. வழக்கமாக 50 முதல் 70 சதவீதத்துக்குள் தொடங்குவார்கள்.

60 சதவீதம் என்று எழுதும்போது எங்கிருந்து எண்ணினீர்கள் என்பதையும் எழுத வேண்டும். தாடையின் கடைசிப் பின்நிலையிலிருந்து எண்ணுபவர்கள் உண்டு. வழக்கமான கடியிலிருந்து எண்ணுபவர்களும் உண்டு. ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கும் 1 முதல் 2 மி.மீ. வித்தியாசப்படும். மருத்துவர் ஒன்றை நினைக்க, கருவி தயாரிக்கும் லேப் இன்னொன்றைச் செய்யும்.

எத்துப்பல் உள்ளவர்களிடம் இன்னொரு கோளாறு. மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே 8, 9 மி.மீ. இடைவெளி இருக்கிறவர்கள் பலர், உதட்டை மூடவும் பேசவும் வசதியாகக் கீழ்த்தாடையை முன்னே வைத்துக்கொண்டே பழகியிருப்பார்கள். ‘வழக்கம்போலக் கடியுங்கள்’ என்றால் அந்தப் பழகிய கடியைத்தான் காட்டுவார்கள். தூக்கத்தில் தசை தளர்ந்ததும் தாடை அதன் உண்மையான இடத்துக்குப் போய்விடும். நாக்கு நுனியால் மேலண்ணத்தின் பின்பகுதியைத் தொடச் சொல்லி, வாயை மெதுவாக மூடவைத்து, மூன்று முறை எடுத்து, மூன்றும் ஒத்துவந்தால் மட்டும் பின்நிலை வாசிப்பை ஏற்றுக்கொள்ளுங்கள்.

இப்போது திசை. கீழ்த்தாடை காதுக்கு முன்னாலுள்ள மூட்டில் சுழல்கிறது. வாயைத் திறக்கும்போது முன்பல் நேராகக் கீழே இறங்குவதில்லை, வட்டப் பாதையில் கீழேயும் பின்னேயும் போகிறது. பிளேட்டுக்குத் தடிமன் இருப்பதால் கருவி போட்டாலே வாய் கொஞ்சம் திறந்துதான் இருக்கும். சராசரி முகத்தில் தோராயமாகக் கணக்கிட்டால், முன்பல் 6 மி.மீ. திறக்கும்போது பல்லின் விளிம்பு 3 மி.மீ. அளவுக்குப் பின்னே போகும். நாக்கு ஒட்டியிருக்கும் எலும்பு முனை இன்னும் கீழே இருப்பதால் அது அதைவிட அதிகமாகப் பின்வாங்கும். திருகைச் சுற்றி 5 மி.மீ. முன்னே கொண்டுவந்ததில் பெரும்பகுதியைத் திறப்பே தின்றுவிடும். நீள முகத்தில், அதாவது கீழ்த்தாடைக் கோடு செங்குத்தாகச் சாய்ந்து மண்டையோட்டு அடித்தளத்தோடு அது சேரும் எஸ்என்-எம்பி கோணம் வழக்கமான 32 பாகையைத் தாண்டி 40 வரை போகும் முகத்தில், இந்த நட்டம் கூடும். சதுர முகத்தில், தாடைக்கோடு தட்டையாக இருக்கும்போது, குறையும். மோவாய் ஒரே அளவு உள்வாங்கிய இரண்டு பேரில் ஒருவருக்குக் கருவி கேட்டு மற்றவருக்குக் கேட்காமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

5 மி.மீ. கடிமுள் போட்டோம் என்றால் 5 மி.மீ. திறந்தோம் என்று நினைக்கக்கூடாது. கடிமுள் அளப்பது பல் விளிம்புகளுக்கு இடையிலுள்ள தூரத்தை. மேல்பல் கீழ்ப்பல்லை 6 மி.மீ. மூடியிருக்கும் ஆழ்கடி முகத்தில், விளிம்போடு விளிம்பு வரவே 6 மி.மீ. திறக்க வேண்டும். 2 மி.மீ. கடிமுள் வைத்தாலும் மொத்தத் திறப்பு 8. முன்பற்கள் ஏற்கெனவே 2 மி.மீ. திறந்தே இருக்கும் நீள முகத்தில் 5 மி.மீ. கடிமுள் வைத்தால் கூடுதல் திறப்பு 3 மட்டுமே. பல் மூடும் ஆழத்தையும் சேர்த்துக் கூட்டி லேப் சீட்டில் எழுதுங்கள்.

நீள முகத்துக்கு லேபில் வேறொரு சிக்கலும் வரும். முன்னே 5 மி.மீ. இடம் விட்டாலும், மூட்டுக்கு அருகில் இருப்பதால் கடைவாய்ப் பற்களுக்கு இடையே இடம் அதில் பாதிதான் இருக்கும். இரண்டு பிளேட்டின் அக்ரிலிக்கும் அங்கே கொள்ளாது. கேட்காமலேயே லேப்காரர் வார்ப்புகளை இன்னும் 2 மி.மீ. திறந்து செய்து அனுப்பிவிடுவார். கருவி அழகாகப் பொருந்தும், நோயாளி குறட்டை விட்டுக்கொண்டே இருப்பார். கடைசிப் பல்லை மூடாமல் விட்டுவிட்டால் அந்தப் பல் காலப்போக்கில் மேலெழும்பும் ஆபத்து. மெல்லியதாகச் செய்யக்கூடிய நைலான் கருவியைத் தேர்ந்தெடுப்பதும், ‘கடிப்பதிவைவிட அதிகம் திறக்க வேண்டியிருந்தால் செய்யும் முன் கூப்பிடவும்’ என்று சீட்டில் ஒரு வரி எழுதுவதும்தான் வழி.

உதட்டையும் பார்க்க வேண்டும். சும்மா இருக்கும்போது உதடுகளுக்கு நடுவே 2, 3 மி.மீ. இடைவெளி இயல்பு. நீள முகத்தில் 6, 7 இருக்கும். இவர்களுக்குத் துடுப்பு வகைக் கருவி கொடுத்தால், தூக்கத்தில் வாய் திறந்து, துடுப்பு விலகி, தாடை பழைய இடத்துக்கே போய்விடும். காலையில் வாய் காய்ந்து கிடப்பதே அடையாளம். மேல், கீழ் பிளேட்டுகளைப் பக்கத்துக் குழாயாலோ முன் கொக்கியாலோ பிணைக்கும் வகை இவர்களுக்கு நல்லது. துடுப்பு வகைதான் என்றால் கோரைப்பல் பக்கத்தில் கொக்கிகள் வைக்கச் சொல்லி, பல்லைச் சீராக்கக் கிளிப் போடுபவர்கள் பயன்படுத்தும் சிறு ரப்பர் வளையங்களை இரண்டு பக்கமும் மாட்டலாம். தொய்ந்த வளையத்தை வைத்து ஓட்டாமல் மாற்ற வேண்டும். வாயில் பிளாஸ்திரி ஒட்டும் வழக்கம் பரவுகிறது. மூக்கு முழுக்கத் திறந்திருக்கிறது என்று பார்க்காமல் அதைச் செய்வது ஆபத்து.

மூக்கு அடைத்திருந்தால் கருவியின் பலனும் குறைகிறது. ஒரு நாசியை மூடி மற்றதில் பத்து மூச்சு இழுக்கச் சொன்னாலே அடைப்பு தெரிந்துவிடும். நடுச்சுவர் வளைவோ ஒவ்வாமை வீக்கமோ இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிய பிறகு கருவிக்கு வரலாம்.

சதுர முகக்காரர்களுக்குக் கன்னத் தசை பலமானது, பல் கடிக்கும் பழக்கமும் அதிகம். திசை இவர்களுக்குச் சாதகம், கருவிதான் தாங்காது. துடுப்பு உடையும், திருகு வளையும். பக்கவாட்டில் தாடை அசைய இடம் கொடுக்கும் வகையைத் தேர்ந்தெடுத்து, 50 சதவீதத்திலேயே தொடங்கி, மெதுவாக நகர்த்துங்கள். இங்கே அவசரப்பட்டால் மூட்டு வலியால் பத்தே நாளில் கருவி பெட்டிக்குள் போய்விடும்.

கீழ்த்தாடை முன்தள்ளிய முகத்துக்கு முன்னே போகும் தூரமே குறைவு. மொத்தமே 5, 6 மி.மீ. இருந்தால் கருவிக்கு வேலை செய்ய இடமில்லை. அங்கே பெரும்பாலும் குறை மேல்தாடையில், அது சிறியதாக, பின்தங்கி, குறுகலாக இருப்பதில். கீழ்த்தாடையை இழுப்பதால் அது சரியாகாது. சி-பாப் அல்லது இரண்டு தாடையையும் முன்னே நகர்த்தும் அறுவை சிகிச்சையை நேர்மையாகப் பேசிவிடுவது நல்லது. சி-பாப் போகிறவர்களுக்கும் முகம் முக்கியமே: வாயையும் மூக்கையும் சேர்த்து மூடும் மாஸ்க்கின் பட்டை, உள்வாங்கிய மோவாயை இன்னும் பின்னே அழுத்தும். அப்படிப்பட்டவர்களுக்கு மூக்கு மாஸ்க்கை முதலில் முயலலாம்.

குறுகலான பல்வளைவு, உயர்ந்த அண்ணம், ஓரங்களில் பல் தடம் பதிந்த பெரிய நாக்கு மூன்றும் சேர்ந்திருந்தால், பிளேட்டின் உட்பக்கத் தடிமன் நாக்கின் இடத்தைப் பறிக்கும். உட்பக்கம் மெல்லியதாக, ஈறுக்கு மேலே நிற்கும்படி, அண்ணத்தை மூடாமல் செய்யச் சொல்லுங்கள். கீழ்த்தாடையின் உட்பக்கம் எலும்புப் புடைப்பு இருந்தால் அந்த இடத்தில் இடைவெளி விட வேண்டும். பல் குட்டையாக இருந்தாலோ, ஒரு வரிசையில் எட்டுப் பல்லுக்குக் குறைவாக இருந்தாலோ பிடிப்பு போதாது. ஆடும் பல்லில் மாட்டவே கூடாது. சர்க்கரை நோயும் ஈறு நோயும் சேர்ந்தே வரும் நம் ஊரில் இதைச் சோதிக்காமல் அச்செடுப்பது பொறுப்பில்லாத வேலை.

பாக்கு, குட்கா, மாவா பழக்கம் உள்ளவர்களிடம் முதலில் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். சொந்த விரல் மூன்றை நெட்டாக நுழைக்க முடிந்தால் சுமார் 40 மி.மீ. கன்னத்தின் உட்தோல் இறுகி இரண்டு விரல்கூட நுழையாதவர்களுக்கு அச்சுத் தட்டே உள்ளே போகாது. இணைந்த கருவியை மாட்டவும் முடியாது, அவசரத்தில் கழற்றவும் முடியாது. தனித்தனியாக மாட்டும் மெல்லிய இரண்டு பகுதிக் கருவி மட்டுமே சாத்தியம். அதற்கும் முன்னால் இறுக்கத்துக்கான சிகிச்சை, பாக்கை விடுவது, புற்றுநோய்ச் சோதனை. சின்ன வயதில் மோவாயில் அடிபட்டோ காதில் சீழ் பிடித்தோ தாடை மூட்டு எலும்பாக இறுகிப்போனவர்களும் வருவார்கள். மோவாய் வளராமல், பறவை முகம் போல. பார்த்தவுடன் ‘கருவிக்கு ஏற்ற முகம்’ என்று தோன்றும், ஏனென்றால் இவ்வளவு உள்வாங்கிய மோவாயை வேறெங்கும் பார்க்க முடியாது. ஆனால் அந்தத் தாடை ஒரு மில்லிமீட்டர்கூட நகராது. இவர்களை நேராக முகத்தாடை அறுவை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

கோணலான முகத்தில், தாடையை முன்னே தள்ளும்போது நடுக்கோடு ஒரு பக்கம் ஓடும். ஓடும் பாதை இயல்பானதுதானா, மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புத் தட்டு விலகியதாலா என்று பாருங்கள். மூடிய நிலையில் ஒரு படம், முன்தள்ளிய நிலையில் ஒரு படம், இரண்டிலும் நடுக்கோடு தெரிய எடுத்து வைத்தால் இரண்டு பக்கத் திருகையும் சமமாகச் சுற்றுவதா வேண்டாமா என்பது புரியும். நடுக்கோட்டை வலுக்கட்டாயமாக நேராக்கிப் பதிவெடுத்தால் ஒரு பக்க மூட்டு வலிக்கத் தொடங்கும்.

கருவி கைக்கு வந்த பிறகு, முதல் வாரம் அசைக்காமல் பழக விடுங்கள். பிறகு ஒரு தடவைக்கு 0.25 மி.மீ., இரண்டு மூன்று இரவுக்கு ஒரு முறை. சரியான இடத்துக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆகலாம். காலை வலி ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் ஒரு சுற்று பின்னே. குறட்டை நின்றுவிட்டது என்று பக்கத்தில் படுப்பவர் சொல்வது மகிழ்ச்சியான செய்திதான், ஆனால் சத்தமில்லாமலும் மூச்சு நிற்கும். கருவியைப் போட்டுக்கொண்டே இன்னொரு ஸ்லீப் ஸ்டடி, அதாவது தூக்கச் சோதனை, எடுத்தே ஆக வேண்டும். அமெரிக்கத் தூக்க மருத்துவர்களும் பல் மருத்துவர்களும் சேர்ந்து 2015-இல் வெளியிட்ட வழிகாட்டியும் அளவெடுத்துச் செய்த, நகர்த்தக்கூடிய கருவியையும் இந்த மறு சோதனையையும் வலியுறுத்துகிறது. வெந்நீரில் போட்டுக் கடித்து உருவாக்கும் மலிவு வகைகள் தடிமன் அதிகம், பிடிப்பு குறைவு. நீள முகத்தில் மேலே சொன்ன திறப்புக் கணக்கை அவை மோசமாக்கும்.

வருடக்கணக்கில் போட்டால் கடி மாறும். கீழ்ப்பல் முன்னேயும் மேல்பல் பின்னேயும் சாய்ந்து, பத்தாண்டுக்கு மேல் அணிந்தவர்களிடம் 2 மி.மீ. அளவுக்கு மாற்றம் பதிவாகியிருக்கிறது. எத்துப்பல் 8 மி.மீ. உள்ளவருக்கு அது கெடுதல் இல்லை. முன்பற்கள் ஏற்கெனவே விளிம்போடு விளிம்பாக இருப்பவருக்கு அதே 2 மி.மீ. கீழ்ப்பல்லை மேல்பல்லுக்கு முன்னே கொண்டுவந்துவிடும். நீள முகத்தில் முன்பல் திறப்பாக மாறி, தோசையைக்கூட முன்பல்லால் கடிக்க முடியாமல் போகும். இதை ஒப்புதல் கையெழுத்து வாங்குவதற்கு முன்பே, அவரவர் முகத்துக்கு ஏற்பச் சொல்லிவிட வேண்டும்.

கருவி அணிபவர்களுக்குக் கடைசியாக ஒன்று. காலையில் கருவியைக் கழற்றியதும், பழைய கடிக்குப் பதிவெடுத்துச் செய்த சிறு கடிப்பலகையைப் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாகக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகு சோதனை: மெல்லிய பிளாஸ்டிக் தாள் துண்டைக் கடைவாய்ப் பற்களுக்கு நடுவே வைத்துக் கடித்து, மெதுவாக இழுப்பது. இரண்டு பக்கமும் தாள் பிடிபட வேண்டும். மதியம் வரை வழுக்கிக்கொண்டு வந்தால், இரண்டு நாள் பார்த்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். போகும்போது கருவியையும் கடிப்பலகையையும் எடுத்துப் போங்கள். முதல் நாள் எடுத்த பல் வார்ப்போ ஸ்கேனோ அங்கே பத்திரமாக இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாமல் எந்தப் பல் எவ்வளவு நகர்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.